பெட்ரோலியம் ஜெல்லி

பெட்ரோலியம் ஜெல்லி என்பது கச்சா எண்ணெயிலிருந்து பெறப்படும் கூழ் போன்ற அரைத்திண்மப் பொருளாகும். தமிழ்நாட்டில் இது வாசலின் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. ஐதரோகார்பன்களின் கலவையான இது நீரில் கரையாது.

வரலாறு

1859-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள டைட்டசுவில் நகரில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. அங்கு துளையிடும் கருவிகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயங்களில் பூசி வந்தனர். இதையறிந்த வேதியியலாளர் இராபர்ட் செசுபரோ, அதைத் தூய்மைப்படுத்தும் முறைக்கு 1872-இல் காப்புரிமை பெற்றார்.

செயல்படும் முறை

இதில் நீர்ச்சத்து இல்லை. தோலின் மேல் படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கிறது. எனவே, குளித்தபின் தோலில் சற்று ஈரம் இருக்கும்போதே பூசினால் பலன் அதிகம்.

வயல் வேலையும் பாதப் பராமரிப்பும்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கார், பிசானம் ஆகிய பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. நடவு, களையெடுப்பு ஆகியவை வெறுங்காலுடன் சேற்றில் நின்று செய்யும் வேலைகள். இவ்வாறு உழைப்போருக்குப் பித்தவெடிப்பு, சேற்றுப்புண் ஆகிய இரண்டும் வருவதுண்டு. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் தொடர்பில்லை. குதிகாலின் தடித்த தோல் உலர்ந்து, நெகிழ்வுத்தன்மை இழப்பதால் வெடிக்கிறது. இரவில் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைச் சிறிது நேரம் ஊறவைத்து, துடைத்து, ஜெல்லி பூசிப் பருத்திக் காலுறை அணிந்தால் வெடிப்பு மெல்ல ஆறும்.

சேற்றுப்புண் இதற்கு நேர்மாறானது. விரலிடுக்கில் ஈரம் தங்குவதால் தோல் வெளுத்து ஊறிப்போகிறது. பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கு ஜெல்லி பூசினால் ஈரம் அடைபட்டுப் புண் மோசமாகலாம். விரலிடுக்கைக் கழுவி, நன்றாக உலர்த்தி, மருத்துவர் பரிந்துரைக்கும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பைப் பூச வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் எந்தப் பாதப் புண்ணுக்கும் தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும்.

பிற பயன்கள்

- உதடு வெடிப்பைத் தணித்தல்
- குழந்தைகளுக்கு ஈர அணையாடையால் தோல் சிவந்து புண்ணாவதைத் தடுத்தல்
- மருந்துக் களிம்புகளுக்கு அடிப்பொருளாதல்
- மின்கல முனைகள் அரிக்காமல் காத்தல்

எச்சரிக்கைகள்

- புதிய தீக்காயத்தில் உடனே பூசக்கூடாது. அது வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். முதலில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும்.
- மூக்கினுள் நெடுநாள் பூசினால், அது நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்கலாம்.
- இது எரியக்கூடியது. பூசிய துணிகளை அடுப்பின் அருகே வைக்கக்கூடாது.
- இலேடெக்சு ரப்பரால் ஆன ஆணுறைகளையும் கையுறைகளையும் பலவீனப்படுத்தும்.