முடிக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்

ஏற்காட்டு மலையிலிருந்து படிக்கவோ வேலைக்கோ சேலத்துக்கு இறங்கும் பையன்களுக்கு முடி கொட்டத் தொடங்கினால், வீட்டில் முதல் பழி விழுவது போர் தண்ணீர் மேல்தான். "மேலே நல்ல தண்ணியில குளிச்ச தலை, கீழே உப்புத் தண்ணி பட்டதும் கொட்டுது" என்பார்கள் பெரியவர்கள். அடுத்த பழி ஹெல்மெட்டுக்கு, அதற்கடுத்தது ஷாம்புவுக்கு. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், நுனியை உடைக்கும் என்பது உண்மை. ஆனால் நெற்றியின் இரு ஓரமும் மேலே ஏறுவதற்கும், உச்சியில் வட்டமாகத் தோல் தெரிவதற்கும் தண்ணீரும் ஹெல்மெட்டும் காரணமில்லை.

தவறான காரணத்தைத் துரத்தி இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டுத்தான் பலர் மருத்துவரிடம் வருகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய முடி அதற்குள் போய்விடுகிறது. வேறு சிலர் மனம் வெறுத்து, விளம்பரத்தில் கண்ட முதல் மையத்தில் போய்த் தலையைக் கொடுத்துவிடுகிறார்கள். இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அவர்கள்தான்.

உதிர்வதெல்லாம் வழுக்கை ஆகாது

யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். சீப்பில் கொஞ்சம் முடி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். காய்ச்சல் வந்து போனதையே மறந்திருப்போம் என்பதால் இரண்டையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்த உதிர்வு பெரும்பாலும் தானாகவே நின்று, முடி திரும்ப வளர்ந்துவிடும். இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு, பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவைப்பது ஆகியவற்றாலும் முடி கொட்டும். காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அது புழுவெட்டு. நம் நோய் எதிர்ப்பு ஆற்றலே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. அதற்கான வைத்தியம் வேறு.

ஆண்களின் பரம்பரை வழுக்கை இவற்றிலிருந்து வேறுபட்டது. முடி கொத்தாகக் கொட்டாது, ஆண்டுக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உடம்பில் உள்ள ஒரு நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டிஹெச்டி. இதைத் தாங்காத மயிர்க்கால்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருக்கின்றன. முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் அவை சுருங்கச் சுருங்க, தடித்த முடி இருந்த இடத்தில் பூனைமுடி முளைக்கும், கடைசியில் அதுவும் நின்றுவிடும். பின்மண்டையிலும் காதுக்கு மேலும் உள்ள மயிர்க்கால்களை டிஹெச்டி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முழு வழுக்கையிலும் அந்தப் பிறை மட்டும் மிஞ்சுவது அதனால்தான். ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் நிறுவினார். தாய்மாமனைப் பார்த்து வழுக்கை வருமா என்று கணிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பாதி உண்மை. அப்பா வழியிலும் அது வரும்.

ஏரிக்கரை எண்ணெயும் காபி ஷாம்பும்

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரிக்கரைக் கடைகளில் மிளகு, காபித்தூளோடு மூலிகைத் தைலமும் வாங்கிப் போகிறார்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நானும் விரும்பித் தேய்ப்பவன். முடி வறளாது, உடையாது, தலைக்கு இதமாக இருக்கும். ஆனால் சுருங்கிப்போன மயிர்க்காலை அது மீட்கும் என்பதற்குச் சான்று கிடையாது. கர்நாடகத்தின் ஹக்கிபிக்கி மக்களின் பெயரில் சில ஆண்டுகளாக இணையத்தில் பரபரப்பாக விற்கும் 'ஆதிவாசி எண்ணெய்'க்கும் இதே பதில்தான்.

காபி விளையும் மலை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காஃபீன் கலந்த ஷாம்பு முடி உதிர்வைக் குறைக்கும் என்று பிரிட்டனில் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. போதிய சான்று இல்லை என்று 2018இல் அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதைத் தடுத்தது. பிடித்தால் வாங்கித் தேயுங்கள், மருந்து என்று மட்டும் நம்ப வேண்டாம்.

சான்றுள்ள மருந்துகள் இரண்டு

ஆண்களின் வழுக்கைக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மருந்துகள் இரண்டே: மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு.

மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டுதான் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். அதற்கு 1988இல் ஒப்புதல் கிடைத்தது. ஆண்களுக்கு வழக்கமாகத் தருவது 5 சதவீத திரவம், காலை 1 மில்லி, இரவு 1 மில்லி. 60 மில்லி புட்டி ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். காய்ந்த தலையில், முடியின் மேல் படாமல் தோலில் பட வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் முன்பைவிட அதிகமாக உதிரலாம். பழைய முடி புதியதற்கு வழிவிடுவதால் அப்படி ஆகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பலர் இரண்டாவது மாதமே புட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். தலையில் அரிப்பு, படபடப்பு, கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடவிய கையை நன்றாகக் கழுவுங்கள், ஈரத்தலையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். அப்பா தடவிய மினாக்சிடில் பட்டு ஒரு கைக்குழந்தையின் உடம்பெங்கும் முடி வளர்ந்த சம்பவம் ஸ்பெயினில் பதிவாகியிருக்கிறது. பூனைகளுக்கு இம்மருந்து கடும் விஷம்.

ஃபினாஸ்டரைடு மாத்திரை டிஹெச்டி உருவாவதையே தடுக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவில் 1992இல் வந்தது, வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் 1997இல் வந்தது. இரத்தத்தில் டிஹெச்டியைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும். இருக்கும் முடியைக் காப்பதில் இதுதான் வலுவானது. இதைப் பற்றித்தான் பயமும் அதிகம், அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. ஆரம்ப ஆய்வுகளில் ஆசைக் குறைவு, விறைப்புக் கோளாறு, விந்துக் குறைவு ஒவ்வொன்றும் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகவே பதிவாயின. ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்கு இந்தக் குறைகள் நீடித்ததாகப் புகார்கள் வந்ததால், 2012இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே அதைச் சேர்த்தார்கள். தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மாத்திரை எடுக்கும்போது மனம் துவண்டால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவைப் பாதிக்கும். இம்மாத்திரை எடுப்பவர்கள் நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் இரத்ததானம் செய்ய வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ பரிசோதனை அளவை இது ஏறக்குறையப் பாதியாகக் காட்டும் என்பதால், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது. ஃபினாஸ்டரைடு கலந்த லோஷன்களும் கடைகளில் கிடைக்கின்றன. "தடவுறதுதானே" என்று எண்ண வேண்டாம், அதுவும் இரத்தத்தில் கலக்கும்.

இரண்டு மருந்துக்கும் பொதுவான விஷயம் ஒன்று. நிறுத்தினால் ஓராண்டுக்குள் கிடைத்த பலன் போய்விடும். தொடர்ந்து எடுக்க முடியுமா, அதற்குப் பணம் இருக்கிறதா என்று யோசித்த பிறகே தொடங்குங்கள். வழுக்கையை அப்படியே விட்டுவிடுவதும் முழு ஆரோக்கியமான முடிவுதான். உடம்புக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

முடி நடுவது எப்படி

பின்மண்டை முடியைப் பெயர்த்து முன்னால் வைத்தாலும் அது தன் பழைய குணத்தை மாற்றிக்கொள்ளாது. அமெரிக்க மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் முடி நடும் சிகிச்சை முழுவதும் நிற்கிறது. இதற்கு இருபது ஆண்டு முன்பே ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் புண் ஆறிய தழும்புகளில் முடி நட்டிருந்தார்.

இன்று பெரும்பாலும் நடப்பது ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுக்கும் முறை. பின்மண்டையை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகலான வட்டக் கத்தியால் ஒவ்வொரு வேரையும் சுற்றி வெட்டி எடுக்கிறார்கள். இப்படி எடுத்த வேர்த்துண்டுதான் கிராஃப்ட்; ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். அவற்றைக் குளிர்ந்த உப்புநீரில் போட்டுவைத்து, முன்தலையில் நுண்ணிய துளையிட்டு முடி சாயும் கோணம் பார்த்து ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். காலையில் படுத்தால் எழ மாலை ஆகலாம்.

பின்மண்டை ஒரே ஒரு நாற்றங்கால். காபி நாற்றங்காலில் அடுத்த ஆண்டு புதிதாக விதை போடலாம், இங்கே பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. ஆயுள் முழுவதும் எடுக்கக்கூடியது பொதுவாகச் சில ஆயிரம் கிராஃப்டுகள் மட்டுமே. 21 வயதில் நெற்றிக்கோட்டைக் கீழே இறக்கி நட்டுவிட்டால், 35 வயதில் அதற்குப் பின்னால் வழுக்கை ஏறும்போது நட இருப்பு இருக்காது. அதனால்தான் 25 வயதுக்கு உட்பட்டவர்களை நல்ல மருத்துவர்கள் முதலில் மருந்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கிராஃப்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும் இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் முளைத்து, முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். நடாத இடத்து முடியைக் காக்க மருந்து பிறகும் பெரும்பாலும் தேவைப்படும்.

சென்னையில் 2016இல் நடந்தது

2016 மே மாதம், எம்.பி.பி.எஸ். படித்த 22 வயது இளைஞர் ஒருவர் சென்னையில் ஒரு முடி மையத்தில் சிகிச்சைக்குப் படுத்தார். மயக்க மருந்து கொடுத்த மருத்துவர் பாதியிலேயே கிளம்பிவிட்டதாகச் செய்திகள் கூறின. உடல்நிலை மோசமாகி, இரண்டே நாளில் வேலூர் மருத்துவமனையில் அவர் இறந்தார். விசாரித்தபோது அந்த இடம் முடிதிருத்தும் நிலையம் என்ற உரிமத்தில்தான் இயங்கியது தெரியவந்தது. பிறகு அது பூட்டி முத்திரையிடப்பட்டது. மருத்துவம் படித்தவருக்கே இந்தக் கதி என்றால், மலையில் தோட்டம் பார்க்கும் பையனுக்கு எதை வைத்து இடத்தை எடைபோடத் தெரியும்? 2019இல் மும்பையிலும் முடி நட்டுக்கொண்ட ஒருவர் இறந்தார். கான்பூரில் இரண்டு பொறியாளர்கள் இறந்த வழக்கில் 2025இல் ஒரு பல் மருத்துவர் சிக்கினார்.

தலையில் நடக்கும் சின்ன வேலையில் உயிர் எப்படிப் போகும் என்று கேட்கலாம். மரத்துப்போகச் செய்யும் லிடோகைனுக்கு எல்லை உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அட்ரினலின் கலந்த லிடோகைன் 420 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2 சதவீத மருந்தில் அது வெறும் 21 மில்லி. மணிக்கணக்கில் நீளும் சிகிச்சையில் யாரும் கணக்கு வைக்காமல் ஊசிமேல் ஊசி போட்டால் வாயைச் சுற்றி மரத்து, காதில் இரைச்சல் கேட்டு, வலிப்பு வந்து, இதயம் நின்றுவிடலாம். ஒவ்வாமை, கிருமித் தொற்று ஆகியவையும் உண்டு. உடனே கவனிக்க ஆளும் கருவியும் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டது. பிளாஸ்டிக் சர்ஜரியோ தோல் மருத்துவமோ முறையாகப் படித்துப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே முடி நட வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு

முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். இது எந்த வகை உதிர்வு என்பதை அங்கேயே உறுதிசெய்துகொள்ளலாம். பணம் கட்டும் முடிவெல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

முடி நடுவதென்று முடிவு செய்தால், அன்றே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டாம். நட்ட முதல் சில நாட்கள் வேர் தளர்ந்திருக்கும். மலைப்பாதையில் வாந்தி எடுத்து, தலை இடித்து, இரத்தம் கசிந்தால் பக்கத்தில் மருத்துவர் இருக்க மாட்டார். ஓரிரு இரவு சேலத்திலேயே தங்கி, மறுநாள் காட்டிவிட்டுக் காரில் திரும்புங்கள். ஹெல்மெட்டும் குரங்குக் குல்லாவும் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. ஹெல்மெட் போட முடியாது என்பதால் அதுவரை பைக்கையே எடுக்காதீர்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல், உடம்பெங்கும் தடிப்பு, நெஞ்சுப் படபடப்பு வந்தால் மையத்துக்குப் போன் செய்து காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

முன்பணம் கட்டுமுன் நேரில் கேளுங்கள்: கத்தி பிடிப்பவர் யார், அவர் படிப்பு என்ன, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? கடைசிவரை மருத்துவர் அறையில் இருப்பாரா, உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போவாரா? அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? அந்த இடத்துக்கு மருத்துவ நிறுவனமாகப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? நேர்மையான மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்லாமல் தள்ளுபடி விலையைப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.