டன்னுக்கு இரண்டு கிலோ பொடி

பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலைதான் திருப்பூரின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தீர்மானிக்கிறது. பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கிய ஒடிசாத் தொழிலாளியின் அறையிலும், சொந்த வீட்டுக்காரரின் அடுப்பிலும் கொதிப்பது அதே கோழி. நாற்பது நாளுக்குள் அது எப்படி இரண்டு கிலோவைத் தாண்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். “ஊசி போட்டுத்தான் வளத்தறாங்க” என்று பதில் வரும்.

ஐயாயிரம் கோழி உள்ள ஒரு ஷெட்டைக் கணவனும் மனைவியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினமும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவது நடக்கிற காரியமா? தீவனத்தில் கலந்தாலும் பயனில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம்; குடலில் செரித்துவிடும். கவலைப்படத்தான் வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக் பற்றிக் கவலைப்படலாம். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை விதிக்க வேண்டியிருந்தது. வேகமான வளர்ச்சிக்குக் காரணம் வேறு: பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்த இனம், கிராம் கணக்கில் அளந்து கலக்கும் தீவனம்.

அந்தத் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். மக்காச்சோளம் உடுமலை, குடிமங்கலம் பக்கமே விளைகிறது. சோயா மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வரவேண்டும். இரண்டையும் சேர்த்தாலும் கோழிக்குத் தேவையான அமினோ அமிலங்களில் முதலில் குறைவது மெத்தியோனின், அடுத்தது லைசின். மெத்தியோனினில் உள்ள கந்தகம் தசைக்கு மட்டுமல்ல, இறகுக்கும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தும் அந்த அளவுக்கு மேல் புரதம் உருவாகாது. ஆயிரம் பனியனுக்கு முன்பாகமும் பின்பாகமும் வெட்டிவிட்டு, கைத்துணி மட்டும் எழுநூறுக்கே இருந்தால் பேக்கிங்குக்குப் போவது எழுநூறுதான். ஆனால் மிச்சத்தைக் குடோனில் வைக்கும் வசதி கோழிக்குக் கிடையாது. பயன்படாத அமினோ அமிலங்களை உடைத்து, நைட்ரஜனை எச்சத்தில் தள்ளிவிடும். தரையில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவு ஈரமாகி, அம்மோனியா நெடி கண்ணைக் கரிப்பது இதனால்தான்.

முன்பு இந்தக் குறையைச் சரிக்கட்டப் புண்ணாக்கை அள்ளிப் போட்டார்கள். இப்போது டன்னுக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று கிலோ மெத்தியோனின், அதே அளவு லைசின் என்று பொடியாகக் கலக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு கோழி தன் ஆயுளில் தின்னும் மெத்தியோனின் பொடி பத்து கிராமைத் தாண்டாது.

லைசின் பொடி பிறந்த கதை சுவாரசியமானது. ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் கினோஷிட்டா ஷுகுவோவின் குழு அஜினமோட்டோ உப்புக்கான குளுட்டமிக் அமிலத்தைச் செய்யும் நுண்ணுயிரைத் தேடியது. அவர்கள் கண்டுபிடித்து 1957-ல் அறிவித்த பாக்டீரியாவின் வழித்தோன்றல்களே இன்று சர்க்கரைக் கரைசலில் லைசினைச் சுரக்கின்றன. மெத்தியோனின் பெரும்பாலும் பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது. உலகில் அதைச் செய்யும் பெரிய கம்பெனிகளை விரல்விட்டு எண்ணலாம்.

கைகள் குறைவாக இருக்கும் சந்தையில் கூட்டுச்சதி எளிது. 1990-களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனமும் ஜப்பானிய, கொரியக் கம்பெனிகளும் ரகசியமாகக் கூடி லைசின் விலையை ஏற்றின. உள்ளிருந்த அதிகாரி ஒருவரே எஃப்.பி.ஐ.க்காகப் பேச்சைப் பதிவு செய்தார். 1996-ல் அந்த அமெரிக்க நிறுவனம் லைசின், சிட்ரிக் அமில வழக்குகளுக்காகச் சேர்த்துக் கட்டிய அபராதம் 10 கோடி டாலர். ஹாலிவுட் அதைப் படமாகவும் எடுத்தது.

பருத்தி ஊரில் பருத்திக்கொட்டையையே கோழிக்குப் போட்டால் என்ன என்று தோன்றலாம். அதிலுள்ள காஸிபோல் என்ற நச்சு லைசினைப் பிடித்துக் கட்டிவிடும். எனவே கோழித் தீவனத்தில் அதற்கு இடம் மிகக் கொஞ்சம். மாட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் காஸிபோலின் வேகத்தைத் தணிக்கின்றன. அமினோ அமிலங்களையும் அவையே செய்து தருகின்றன. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேயும் காங்கயம் மாட்டுக்கு எந்தப் பொடியும் தேவையில்லை. மிக அதிகமாகப் பால் கறக்கும் கலப்பினப் பசுவுக்குத்தான், வயிற்று நுண்ணுயிர்கள் தொடாதபடி பூச்சுப் பூசிய மெத்தியோனின், லைசின் பற்றிய பேச்சே எழுகிறது.

சோயா விலை ஏறும்போது இந்தப் பொடிகளின் மதிப்பு புரியும். 2021 கோடையில் சோயாப் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறியதால், மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வந்த 12 லட்சம் டன் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு ஆகஸ்டில் அனுமதித்தது. பொடியைச் சரியாகக் கலந்தால் புண்ணாக்கின் அளவைக் குறைக்கலாம். ஒரு சதவீதப் புரதத்தைக் குறைத்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

பண்ணைக்காரருக்கு இதில் என்ன? உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990-களில் பரப்பிய ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் இவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புத் தொகை, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் என்ற தீவன மாற்று விகிதத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஐயாயிரம் கோழிகளும் இரண்டு கிலோ எடைக்கு வர, கிலோவுக்கு நூறு கிராம் தீவனம் கூடுதலாகத் தின்றால் மொத்தம் ஒரு டன். வளர்ப்பில் தவறா, குஞ்சில் தவறா, பொடி குறைந்ததா? கணக்கு எழுதப்படுவது பண்ணைக்காரர் பெயரில்தான்.

வளர்ப்புத் தொகையை உயர்த்தக் கேட்டு இந்தப் பகுதிப் பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். கோழித் தீவனத்தில் லைசினும் மெத்தியோனினும் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இந்தியத் தரநிலை 1374 சொல்கிறது. நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகமும் இருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாயோடு சேர்த்து, ஒவ்வொரு லோடு தீவனத்துக்கும் ஒரு பரிசோதனைச் சீட்டையும் கேட்கலாம்.