ஜில் பீரும் சம்மர் ஸ்டடியும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ரோல் பங்க்கோடு ஒட்டிய கடை ஒன்றுக்குள் நுழைந்தால், கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜுக்குள் கோக் ஜில்லென்று இருக்கும். ஒயினைக்கூடக் குளிர வைத்து விற்கலாம். பீர் மட்டும் பிரிட்ஜுக்கு வெளியே, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் தரையில் அடுக்கியிருக்கும். நாலு கடை தள்ளி இருக்கும் மதுக்கடையில் எல்லாம் தலைகீழ். அங்கே பீர் ஜில்லென்று கிடைக்கும்; சோடாவைக் குளிரவைத்து விற்கக் கூடாது என்று வெகுகாலம் சட்டம் இருந்தது.

இது யாரோ விளையாட்டாக எழுதிய விதியல்ல. பங்க் கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை எல்லாம் ஒரு பக்கம், மதுக்கடைக்காரர்கள் மறுபக்கம். யாருக்கு எது என்று சட்டமே பாத்தி கட்டிக் கொடுத்திருக்கிறது. பங்க் உரிமையாளர்களின் சங்கம் 2013-ல் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு மத்திய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015-ல் சிகாகோவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

கோர்ட்டில் கிடைக்காததை ஒரு வியாபாரி பர்ரிட்டோ சுருட்டிப் பிடித்தார். ரிக்கர்ஸ் என்ற பங்க் கடைத் தொடரின் தலைவர் ஜே ரிக்கர், தன் இரண்டு கடைகளில் மேஜை நாற்காலி போட்டு, மெக்சிகன் பாணி உணவைச் சுடச்சுடச் செய்து கொடுக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சாப்பிட இடம் இருந்தால் அது உணவகம். உணவகத்துக்கு உண்டான லைசென்ஸ் கிடைத்தால் குளிர்ந்த பீரைப் பார்சலாகவும் கொடுக்கலாம். லைசென்ஸும் கிடைத்தது. 2017 வசந்தத்தில் விஷயம் வெளியே வந்ததும் சட்டமன்றத் தலைவர்களுக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டத்தின் எழுத்தை அவர் மீறவில்லை என்பதுதான் அவர்களை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். ஓட்டையை அவசரமாக அடைத்தார்கள். பெரிய கேள்வியை ஒரு குழுவிடம் தள்ளிவிட்டார்கள்.

அந்தத் தள்ளிவிடும் கலைக்கு இண்டியானாவில் ‘சம்மர் ஸ்டடி’ என்று பெயர்.

இண்டியானா சட்டமன்றம் ஆண்டு முழுக்க நடப்பதில்லை. ஜனவரியில் சூடுபிடிக்கும் கூட்டத்தொடரை ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் 29-க்குள்ளும், இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் 14-க்குள்ளும் முடித்தாக வேண்டும். 100 பேர் கொண்ட கீழவை, 50 பேர் கொண்ட செனட். உறுப்பினர்களில் பலர் அதன்பிறகு வயலுக்கோ, வக்கீல் ஆபீசுக்கோ, இன்சூரன்ஸ் வேலைக்கோ திரும்பிவிடுவார்கள். சபை கூடாத அந்த மாதங்களில் ‘லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்’ என்ற 16 பேர் குழு கூடுகிறது. பெயரைக் கேட்டு நம்மூரில் இருந்த மேலவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது இரு அவைகளிலிருந்தும் எட்டெட்டுப் பேர், பெரும்பாலும் கட்சித் தலைமைகள், சேர்ந்து உட்காரும் குழு. எந்தக் கமிட்டி எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்ற பட்டியலை இதுதான் தீர்மானமாகப் போடுகிறது. இலையுதிர் காலத்துக்குள் கமிட்டிகள் சாட்சியம் கேட்டு அறிக்கை தர வேண்டும்.

பட்டியலில் ஒரு தலைப்பு ஏறுவதற்கு நடக்கும் வேலை சுவாரசியமானது. கூட்டத்தொடரில் ஒரு மசோதாவுக்கு ஓட்டு தேறாது என்று தெரிந்தால், அதன் உள்ளடக்கத்தை மொத்தமாக உருவி எறிந்துவிட்டு ஒரே ஒரு வாக்கியத்தை வைப்பார்கள்: இந்தப் பொருளை ஆய்வுக் கமிட்டிக்கு அனுப்புமாறு கவுன்சிலைக் கேட்டுக்கொள்கிறோம். கேட்டுக்கொள்வது மட்டும்தான், கவுன்சில் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. மசோதா கொண்டுவந்தவர் ஊரில் போய், தோற்கவில்லை, ஆய்வில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். எதிர்த்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். நம்மூர் மொழியில் சொன்னால், மரியாதையாகக் கிடப்பில் போடுவது.

ஆனால் எல்லாத் தலைப்பும் கிடப்புக்குப் போவதில்லை என்பதால்தான் வர்த்தக சபையும், பங்க் சங்கமும், மின் நிறுவனங்களும் அந்தப் பட்டியலை வரிவிடாமல் படிக்கின்றன. 2016-ல் சாலை நிதியை ஆராய ஒரு பணிக்குழு போட்டார்கள். மறுவருடமே பெட்ரோல் வரி காலனுக்கு 18 சென்ட்டிலிருந்து 28 சென்ட்டாக உயர்ந்தது; வண்டிப் பதிவுக்குக் கூடுதலாக 15 டாலர். வரி என்றாலே முகம் சுளிக்கும் குடியரசுக் கட்சிதான் அப்போது இரு அவைகளிலும் பெரும்பான்மை. குழுவே சொல்லிவிட்டது என்று காட்ட ஒரு தாள் கையில் இருந்தது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

மின்சாரத்தில் கதை வேறு மாதிரி. வடக்கு இண்டியானாவின் நிப்ஸ்கோ நிறுவனம், நிலக்கரி மின்நிலையங்களை 2028-க்குள் கைவிடும் திட்டத்தை 2018-ல் அறிவித்தது. நிலக்கரித் தரப்பு பதறியது. புதிய பெரிய மின்நிலையங்களைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவைக்க 2019-ல் சட்டமன்றத்தில் நடந்த முயற்சி தோற்றது. பதிலுக்கு வந்தது எரிசக்திக் கொள்கைக்கான பணிக்குழு. அதன் அறிக்கைக்குக்கூடக் காத்திராமல், நிலையத்தை மூடுமுன் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 2020-லேயே சட்டம் வந்துவிட்டது. அவசரம் உள்ளவர்களுக்கு ஆய்வு முடியும்வரை பொறுமை இருப்பதில்லை.

பீருக்கு வருவோம். சட்டமன்றம் கேள்வியைத் தள்ளிவிட்ட அந்தக் குழு, மதுச் சட்டத் திருத்த ஆணையம், 2017 கோடையில் வேலையை ஆரம்பித்தது. தலைவர், முன்னாள் செனட்டர் பெவர்லி கார்ட். மேஜையில் இரண்டு கேள்விகள். ஞாயிற்றுக்கிழமை கடையில் மது வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போகலாமா? குளிர்ந்த பீரை எல்லாக் கடையிலும் விற்கலாமா? அன்றைய நிலையில் ஞாயிறன்று பாரில் உட்கார்ந்து எத்தனை கிளாஸ் வேண்டுமானாலும் குடிக்கலாம். கடையில் ஒரு பாட்டில் வாங்கிப் போக முடியாது. குடித்துவிட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்று சட்டமே சொன்ன மாதிரி.

மக்கள் வந்து பேசினார்கள், நிபுணர்கள் வந்து பேசினார்கள். திருப்பம் கூட்ட அறைக்கு வெளியே நடந்தது. ஆண்டாண்டு காலமாக முட்டிக்கொண்டிருந்த மதுக்கடைச் சங்கமும், பெரிய மளிகைக்கடைகளின் சங்கமும் கைகுலுக்கின. ஞாயிறு விற்பனையை இருவரும் சேர்ந்து ஆதரிப்பது, குளிர்ந்த பீர் மதுக்கடைக்கே இருப்பது என்று உடன்பாடு. இந்தப் பங்கீட்டில் பங்க் கடைக்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். ஆணையமும் ஞாயிறு விற்பனைக்குப் பச்சைக்கொடி காட்டியது. குளிர்ந்த பீருக்குத் தேவையான ஓட்டு கிடைக்கவில்லை. தலைவர் கார்ட் அதற்கு ஆதரவாக நின்றும் பலனில்லை. 2018 பிப்ரவரி 28 அன்று ஞாயிறு விற்பனைச் சட்டத்தில் ஆளுநர் எரிக் ஹோல்கம்ப் கையெழுத்திட்டார். மார்ச் 4, ஞாயிறு நண்பகல் 12 மணிக்குக் கல்லாப்பெட்டிகள் திறந்தன. இரவு 8 மணிவரை அனுமதி. மதுவிலக்குக் காலத்து வழக்கம் ஒன்று ஒரு மதியத்தில் முடிந்தது. அந்த ஆண்டு வந்த குளிர்ந்த பீர் மசோதாவோ சபைக்கே வராமல் கமிட்டியில் விழுந்தது.

ஆக, சாட்சியம் எவ்வளவு பலமானது என்பதைவிட, அறைக்கு வெளியே யாரோடு யார் ஒத்துப்போனார்கள் என்பதுதான் அறிக்கையை எழுதியது. ஒத்துப்போக யாரும் இல்லாத தலைப்பு என்ன ஆகும் என்பதற்குக் கஞ்சா விவகாரம் இருக்கிறது. மருத்துவத்துக்குக் கஞ்சாவைப் பயன்படுத்துவது பற்றி ஆராயுமாறு 2018-ல் கீழவை கேட்டுக்கொண்டது. இலையுதிர் காலத்தில் கமிட்டி மணிக்கணக்கில் கேட்டது. பரிந்துரை எதுவும் செய்யாமல் எழுந்தது. 2022-ல் மறுபடி ஒரு கமிட்டி, மறுபடி நீண்ட சாட்சியம், மறுபடி பரிந்துரை இல்லை.

அக்கம்பக்கம் அதற்காகக் காத்திருக்கவில்லை. மிச்சிகன் 2018-லும், ஒஹையோ 2023-லும் மக்கள் வாக்கெடுப்பில் கஞ்சாவை அனுமதித்தன. இல்லினாயில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து விற்பனை. கென்டக்கியில் மருத்துவத்துக்கு மட்டும் 2025-லிருந்து அனுமதி. இண்டியானா எல்லையைத் தாண்டியதும் வரும் மிச்சிகனின் நியூ பஃபலோ பகுதியில் கஞ்சாக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் வாசலில் நிற்கும் கார்களில் இண்டியானா நம்பர் பிளேட்டுகளைத் தேட வேண்டியதில்லை. வரி மிச்சிகன் கஜானாவுக்கு.