வரி மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. மருந்துக் கடைகளில் பில் போடும் மென்பொருளுக்கு அது ஒரு பரீட்சை. வரிக் கணக்கை ஓரிடத்தில் தனியாக வைத்திருந்தால், அங்கே மட்டும் திருத்தினால் போதும். விற்பனை, கொள்முதல், ரிட்டர்ன் என்று திரைக்குத் திரை 12 என எழுதி வைத்திருந்தால், ஒன்றை மறந்தாலும் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்.

இப்படித் தனியே கழற்றி மாட்டக்கூடிய பகுதியைத்தான் மென்பொருள் கூறு என்கிறார்கள். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோவின் மென்பொருள் பொறியியல் மாநாட்டில் கணினி அறிஞர் டக்ளஸ் மெக்கில்ராய் இந்த யோசனையை முன்வைத்தார். தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கிடைப்பதுபோல மென்பொருளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் கனவு.

சரி, மென்பொருளைக் கூறுகளாக எங்கே வெட்டுவது? 1972இல் இன்னொரு கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் வழி சொன்னார்: வேலை நடக்கும் வரிசையைப் பார்த்து வெட்டாதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் ஒளித்து வையுங்கள்.

எது மாறும், எது மாறாது என்பதைத் தொழில் நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். ‘காலாவதியாகி ஒரு மாத்திரைகூட வீணாகக் கூடாது’ என்கிறார் மருந்துக் கடைக்காரர். இந்த நோக்கத்திலிருந்து சரக்கிருப்புக் கூறு பிறக்கிறது. ஒவ்வொரு மருந்தின் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதன் பொறுப்பு. பில் கூறு அதனிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘இந்த மருந்தில் முதலில் காலாவதியாகும் பேட்ச் எது?’ பதில் வந்ததும் பில் விழும். பதில் எப்படிக் கிடைத்தது என்பது பில்லுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாளை இரண்டாவது கிளை திறந்து, இரு கடைச் சரக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தாலும் இந்தக் கேள்வி மாறாது; சரக்கிருப்பின் உள்வேலை மட்டும் மாறும்.

அதற்காகப் பொடிப்பொடியாக நறுக்கவும் கூடாது. கூறுகள் பெருகினால், அவற்றுக்கிடையே தகவல் போய்வருவதைக் கட்டி மேய்ப்பதே தனி வேலையாகிவிடும்.

அடுத்த முறை உங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ மென்பொருள் விற்க வருபவர் வசதிகளை அடுக்கும்போது, இடைமறித்துத் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேளுங்கள். ‘ஓரிடம்’ என்று சொன்னால், திறந்து காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.