வதந்திப் பரவலும் தடுப்பும்

தவறான தகவல் என்பது உண்மைக்கு மாறான, அல்லது அதன் சூழலில் இருந்து பிரித்துத் திரிக்கப்பட்ட செய்தி ஆகும். ஏமாற்றும் நோக்குடன் திட்டமிட்டு உருவாக்கப்படுவது பொய்த் தகவல் என வேறுபடுத்தப்படுகிறது. ஒருவர் திட்டமிட்டு உருவாக்கியதைப் பலர் உண்மை என்று நம்பிப் பகிர்வதால், நடைமுறையில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

2018 குழந்தை கடத்தல் வதந்தி

வட மாநிலங்களில் இருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக 2018 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வாட்சப் வழியே செய்திகள் பரவின. மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதற்காகச் சென்னையில் இருந்து காரில் வந்த ஐவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் பகுதியில் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தனர். அவர்களைக் கடத்தல்காரர்கள் எனக் கருதிய கூட்டம் தாக்கியதில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் காயமடைந்தனர். அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். சூலை 1 அன்று மகாராட்டிர மாநிலம் துளே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐவர் கொல்லப்பட்டனர்.

2023 புலம்பெயர் தொழிலாளர் வதந்தி

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. பரவிய காணொளிகளுள் ஒன்று பீகார் தொழிலாளர்களுக்கு இடையே நடந்த மோதல், மற்றொன்று கோயம்புத்தூரைச் சேர்ந்த உள்ளூர்வாசிகளுக்கு இடையிலான தகராறு என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி நிலைமையை அறிந்தது. காட்சி உண்மையாக இருந்தாலும் அதனுடன் சேர்க்கப்படும் விளக்கம் பொய்யாக இருக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பரவும் காரணங்கள்

* அச்சம்: குழந்தைகளின் பாதுகாப்பு போன்றவற்றில், சரிபார்ப்பதை விட உடனே எச்சரிப்பதே கடமை என்று மக்கள் எண்ணுகின்றனர்.
* நம்பிக்கை: செய்தி உறவினரிடம் இருந்து வரும்போது, அதை முதலில் எழுதியவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை.
* திரும்பக் கேட்டல்: ஒரு கூற்றைப் பலமுறை கேட்பவர் அதை உண்மை என மதிப்பிடும் வாய்ப்பு கூடுவதை 1977 இல் வெளியான உளவியல் ஆய்வு காட்டியது.
* புதுமை: டுவிட்டரில் பொய்ச் செய்திகள் உண்மைச் செய்திகளை விட வேகமாகவும் பரவலாகவும் சென்றதாக 2018 இல் 'சயன்சு' இதழில் வெளியான ஆய்வு கண்டறிந்தது. தானியங்கிக் கணக்குகளை விட மனிதர்களே இதற்கு முதன்மைக் காரணம் என்றும் அது கூறியது.

தடுப்பு நடவடிக்கைகள்

2018 சூலையில் வாட்சப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்ப முடியும் எனக் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு இவ்வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கும்பல் கொலைகளைத் தடுக்க இந்திய உச்ச நீதிமன்றம் 2018 சூலை 17 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

தமிழ்நாடு அரசு 2023 இல் தகவல் சரிபார்ப்பகத்தை ஏற்படுத்தியது. யூடர்ன் போன்ற தனியார் தளங்களும் தமிழில் செய்திகளைச் சரிபார்க்கின்றன. எனினும், அரசு பற்றிய செய்தியின் உண்மையை அரசே தீர்மானிப்பது கருத்துரிமைக்கு இடையூறாகலாம் என்ற எதிர்ப்பும் உள்ளது. ஒன்றிய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கு வழிசெய்த விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 இல் செல்லாததாக்கியது.

தனிநபர் செய்யக்கூடியவை

செய்தியில் நாள், ஊர், ஆதாரம் உள்ளனவா என்று பார்த்தல், படத்தை இணையத்தில் தேடி அதன் பழைய பதிவைக் கண்டறிதல், ஐயம் இருந்தால் பகிராமல் இருத்தல் ஆகியன எளிய வழிகளாகும். பகிர்ந்தபின் தவறு எனத் தெரிந்தால், அழிப்பதோடு நில்லாமல் அதே குழுவில் திருத்தத்தையும் தெரிவிக்க வேண்டும். ஏனெனில் முன்னரே படித்தவர்களின் நினைவில் இருந்து செய்தி அழிவதில்லை. ஊருக்குள் புதியவர் மீது ஐயம் எழுந்தால் காவல்துறைக்கு 112 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.