வில்லையின் பெயரும் பிறப்பும்

பழைய பிலிம் கமராவொன்றைக் கையிலெடுப்போர் முதற்கண் நோக்குவது வில்லையைச் சூழ்ந்த வளையத்திற் பொறித்துள்ள பெயரையேயாம். அது ஜேர்மானியப் பெயராயின் விலை ஏறும். உருசிய எழுத்தாயின் இறங்கும். இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையதென்பதைச் 'சோனார்' என்னும் வில்லையின் வரலாறுகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தனியொரு குவிவுவில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு தூரங்களிற் குவிக்கும். படத்தின் ஓரங்களை மங்கச் செய்யும். ஆதலின் ஒன்றன் பிழையை மற்றொன்று தீர்க்குமாறு குவிவும் குழிவுமாகிய பல வில்லைகளை அடுக்கிக் கூட்டுவில்லை அமைப்பர். 1840 இல் வியன்னாவிற் கணிதப் பேராசிரியராயிருந்த யோசேப் பெற்ஸ்வால், உருவப்படம் எடுத்தற்கேற்ற கூட்டுவில்லையொன்றைக் கணித்தமைத்தார். ஆயினும், கணிதம் வேண்டிய கண்ணாடி வகைகள் அக்காலத்திற் கிடைத்தில. அக்குறையை நீக்கியது 1884 இல் ஒற்றோ ஷொட், ஏர்ண்ஸ்ற் அபே, கார்ல் சைஸ் முதலியோர் யேனா நகரில் நிறுவிய கண்ணாடித் தொழிற்சாலையாகும். பேரியம் முதலியன சேர்த்து அங்கே உருக்கிய புதுக் கண்ணாடிகள் வில்லைக் கலையையே மாற்றின. 1902 இல் பவுல் ருடோல்வ் நான்கே வில்லைகளால் அமைத்த 'டெஸ்ஸார்' உலகெங்கும் பின்பற்றப்பட்டது.

சோனாரைப் படைத்தவர் லுட்விக் பேர்ற்றெலே. 1932 இல் வெளிவந்த கொன்ராக்ஸ் கமராவுக்கென அது அமைந்தது. அதன் நுட்பம் யாதெனின், ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்கோ கண்ணாடியிலிருந்து காற்றுக்கோ செல்லும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு வீதமளவு தெறித்துவிடும். அவ்வாறு தெறித்த ஒளி உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1896 இல் ருடோல்வ் அமைத்த 'பிளானார்' ஆறு வில்லைகளைக் கொண்டது. காற்றைத் தொடும் பரப்புக்கள் அதில் எட்டு. பேர்ற்றெலேயும் ஆறு வில்லைகளையே கொண்டார். எனினும் அவற்றை மூன்று தொகுதிகளாக ஒட்டியமையாற் பரப்புக்கள் ஆறாயின. குவியத்தூரத்தின் அரைப்பங்கு விட்டமுள்ள பெருந்துவாரமிருந்தும் படம் தெளிவுற்றது. தெறிப்பைக் குறைக்கும் மெல்லிய மேற்பூச்சினை 1935 இல் சைஸ் நிறுவனத்து ஸ்மாக்குலா கண்டறியுமுன்னரே இது கைகூடிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1945 இல் யேனாவை முதலிற் கைப்பற்றிய அமெரிக்கர், அந்நகரைச் சோவியத்துப் படையிடம் ஒப்படைக்குமுன் நிறுவனத்தின் தலைமை நிபுணர்களை மேற்கே கொண்டுசென்றனர். அவர்கள் ஒபர்க்கொஹென் என்னும் ஊரில் மறுபடியும் தொழில் தொடங்கினர். 1946 இற் சோவியத்தார் பொறிகளையும் நிபுணர் பலரையும் தம் நாட்டுக்குக் கொண்டுபோயினர். அவ்வாறு போனவர்களின் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொன்ராக்ஸின் பொறிகள் கீயெவ் நகரை அடைந்தன. சோனார் வில்லையோ கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 'ஜூப்பிற்றர்' ஆயிற்று. முதலில் ஜேர்மானியக் கண்ணாடியே பயன்பட்டது. அது தீரவே, உள்நாட்டுக் கண்ணாடிக்கேற்ப வளைவுகளை மீளக் கணிக்க நேர்ந்தது. கண்ணாடி மாறின் கணக்கும் மாறல் வேண்டும். இதனை நோக்காது, ஜூப்பிற்றரை வெறும் போலியெனத் தள்ளுதல் நேர்மையன்று.

இதற்கிடையே சைஸ் என்னும் பெயருக்கு யேனாவும் ஒபர்க்கொஹெனும் நீதிமன்றங்களில் வழக்காடின. அதனால் மேற்கு நாடுகளுக்குச் சென்ற யேனா வில்லைகள் சிலவற்றில் டெஸ்ஸார், சோனார் என்பவற்றின் முதலெழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டது. உள்ளிருந்த கண்ணாடி ஒன்றே, வளையமே வேறு!

யப்பானியர் கதை இன்னும் சுவையானது. 1950 இல் ஒளிப்படச் செய்தியாளர் டேவிட் டக்ளஸ் டங்கன், தோக்கியோவில் யூன் மிக்கி என்பார் நிக்கோர் வில்லையால் எடுத்த தம் படத்தைக் கண்டு வியந்தார். நிக்கோர் வில்லைகளை வாங்கிக் கொரியப் போர்க்களம் சென்றார். அவ்வாண்டு முடியுமுன் நியூயோர்க் பத்திரிகை அவ்வில்லைகளைப் பாராட்டி எழுதிற்று. மிக்கி பயன்படுத்தியதும் சோனார் அமைப்பைத் தழுவியதே.

எனவே, வில்லையொன்றை வாங்குவோர் பெயரை விடுத்து அந்த ஒன்றையே சோதித்தல் வேண்டும். பின்புறம் சிறு மின்விளக்கைப் பிடித்து உள்ளே நோக்குக. நூல்போற் படர்ந்திருப்பது பூஞ்சணம். நிறவளையங்கள் தோன்றின், ஒட்டிய பிசின் விட்டுப் பிரிந்ததென அறியலாம். முன்னது எம்மைப் போன்ற ஈரநாட்டார்க்கு ஓயாத தொல்லை. மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். ஜூப்பிற்றராயின், தொடரிலக்கத்தின் முதலிரு எண்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிக்கும். ஆயினும் ஒரே ஆண்டிற் செய்த இரண்டுகூட ஒரு தரத்தனவாயிருத்தல் அரிது. ஆதலின், துவாரத்தை முழுவதும் திறந்து, நேரெதிரேயுள்ள செங்கற்சுவரைப் படமெடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுதல் நன்று.