வீட்டுத் தோட்டத்துக்கு வண்ணப் பறவைகளை வரவழைப்போம்

செம்பருத்தியில் தொங்கித் தேன் உறிஞ்சும் தேன்சிட்டு, விடியலில் சீழ்க்கை அடிக்கும் குண்டுக்கரிச்சான், மஞ்சள் பூசியது போன்ற மாங்குயில் ஆகியவை பார்க்க அழகானவை மட்டுமல்ல. கத்தரி, வெண்டை, அவரை பயிரிடுவோருக்கு உதவுபவையும்கூட. தேனும் பழமும் தின்னும் பறவைகள்கூட, குஞ்சு பொரித்தபின் புழு, பூச்சி, சிலந்திகளைத் தேடிப் பிடிக்கும். குஞ்சு வளர அந்தப் புரதம் தேவை. இந்த வேலைக்குக் கூலியாகச் சில பழங்களை அவை எடுத்துக்கொள்ளும்.

எதை நடலாம்?

தேன்சிட்டுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை, அகத்தி, வாழை ஆகியவற்றின் பூக்கள் பிடிக்கும். கறிவேப்பிலை மரத்தைக் கவாத்து செய்யும்போது ஒன்றிரண்டு கிளைகளைப் பழுக்க விடுங்கள். கொண்டைக்குருவியும் குயிலும் தேடி வரும். விரைவில் பலன் வேண்டுமானால் சிங்கப்பூர் செர்ரி கன்று ஒன்று போதும். அதன் பழத்துக்குக் குக்குறுவான், பூங்கொத்தி, மைனா எல்லாம் வரும். கொய்யாவைக் காக்க, காய்களைப் பருவத்திலேயே உறையிட்டு மூடலாம். ஆல், அத்தி மரங்களை வேலியோரம் வைக்கலாம். சுவர், கிணறு அருகே வேண்டாம். பறவை தின்னும் என்பதற்காக உண்ணிச்செடியை வளர்க்காதீர்கள். அதன் விதை பரவி மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும்.

தண்ணீரும் கூடும்

அகலமான மண் தட்டில் 2 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வையுங்கள். பூனை பதுங்க முடியாத திறந்த இடமாக இருக்கட்டும். தினமும் தட்டைக் கழுவித் தண்ணீர் மாற்றினால் கொசுப்புழு வளராது.

தேன்சிட்டு சிலந்தி வலையால் பின்னி, கூட்டைக் கிளை நுனியில் தொங்கவிடும். தையல்சிட்டு அகன்ற இலைகளைத் தைத்து உள்ளே கூடு கட்டும். மார்ச் முதல் ஜூலை வரை செடிகளைக் கவாத்து செய்யும்முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். சிட்டுக்குருவிக்கு 4 செ.மீ. துளையுள்ள மரப்பெட்டியை வெயில் படாத சுவரில் மாட்டலாம்.

எச்சரிக்கை தேவை

பறவைகளை வரவழைத்துவிட்டு நஞ்சு வைப்பதைவிட வரவழைக்காமலே இருக்கலாம். குருணை மருந்தைத் தானியம் என்று நினைத்துப் பறவைகள் கொத்தும். ஆகவே மண் மூடாமல் இடக்கூடாது. எலி மருந்து கலந்த தானியத்தை வரப்பில் இறைக்காமல், வளைக்குள் வைத்து வாயை அடையுங்கள். காய்கறிப் புழுக்களுக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற அளவில் சாறு எடுத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்கலாம். பறவைகளால் மட்டும் புழு முழுவதும் ஒழியாது. ஆனால் மருந்தடிக்கும் தேவை குறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூங்கொத்திக் குருவி, புல்லுருவியின் பழத்தைத் தின்று ஒட்டும் விதையை மாங்கிளையில் விட்டுச்செல்லும். குருவியை விரட்டிப் பயனில்லை. புல்லுருவி காய்க்கும்முன், அது ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டி அகற்றுவதே தீர்வு.

வயலுக்கும் நீட்டிக்கலாம்

ஏக்கருக்கு 20 இடங்களில் 'டி' வடிவக் குச்சிகளை, பயிரைவிட 1 அடி உயரமாக நடுங்கள். கரிச்சான், மைனா, பனங்காடை அமர்ந்து புழுக்களைப் பிடிக்கும். நெல், சோளம் பால் பிடிக்கும் தருணத்தில் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே குச்சிகளில் தானியம் தின்னும் பறவைகளும் அமரும்.

வரும் ஆடிப்பட்டத்தில் காய்கறி விதைக்கும்போதே வேலியோரம் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, ஒரு தண்ணீர்த் தட்டு என்று தொடங்குங்கள். கூண்டு மட்டும் வேண்டாம். நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து அடைப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.